நர்சக்காவிடம் கேளுங்கள்: தாயும் பிள்ளையும்

(மண்டபம், பாம்பன் பக்கம் பல வருஷம் கிராம சுகாதார செவிலியராக இருந்தவர் பதில் சொல்கிறார்.)

கீழக்கரை: நாடு முழுக்கத் தாய் இறப்பு குறைந்துவிட்டதா அக்கா?
குறைந்திருக்கிறது. உயிரோடு பிறக்கும் ஒரு லட்சம் பிள்ளைகளுக்கு எத்தனை தாய்மார் இறக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. 2004-06ல் 254. 2018-20ல் 97, தமிழ்நாட்டில் 54. கேரளத்தில் 19, அதையும் பாருங்கள். பிரசவம் முடிந்து 42 நாள் வரைக்கும் இந்தக் கணக்கில் சேரும். வீட்டுக்கு வந்தாச்சு என்று அசந்துவிடாதீர்கள்.

தேவிபட்டினம்: இரும்புச்சத்து மாத்திரை போட்டால் மலம் கறுப்பாகப் போகிறது.
போகும், பயமில்லை. டீயோடு மட்டும் விழுங்காதீர்கள்.

தொண்டி: எங்க அப்பத்தா எட்டுப் பிள்ளையையும் வீட்டிலேயே பெற்றார்.
தம்பி, பெற்றது எட்டா, பிழைத்தது எட்டா என்று அவரிடமே கேளுங்கள். நஞ்சுக்கொடி விழுந்த பிறகு கர்ப்பப்பை சுருங்காவிட்டால் ரத்தம் குழாய் மாதிரி கொட்டும். ராமேஸ்வரம் தீவில் ஒரு வீட்டுப் பிரசவத்துக்கு ராத்திரியில் ஓடினேன். பெண்ணின் அம்மா சேலைத் துணியைப் பிழிந்து பிழிந்து வாளியில் விட்டுக்கொண்டிருந்தார். வாளி பாதி நிறைந்திருந்தது. பாலம் தாண்டி ராமநாதபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். அந்தப் பெண் பிழைத்தாள், மயிரிழையில். கர்ப்பப்பையைச் சுருக்குகிற ஊசி ஆஸ்பத்திரியில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்.

மறுபடி தொண்டி: அங்கே போனால் சும்மா சும்மா ஆபரேஷன் செய்கிறார்களே?
இது நியாயமான கோபம். 2019-21 குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பிரசவங்களில் 44.9 சதவீதம் ஆபரேஷன். ஏன், எதற்கு என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். அதற்காக வீட்டில் பெறுகிறேன் என்றால் என்னிடம் வராதீர்கள்.

ஏர்வாடி: மாத்திரை போட்டால் கறுப்பாக...
மேலே பாருங்கள். டீ வேண்டாம்!

உச்சிப்புளி: பிறந்த பிள்ளை நாக்கில் இனிப்பு தொட்டு, சேனை வைக்கலாமா?
கூடாது. சர்க்கரைத் தண்ணீர், தேன் எதுவும் வேண்டாம். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால். 2020ல் நாடு முழுக்க ஆயிரம் பிள்ளைகளில் 28 பேர் ஒரு வயதுக்குள் இறந்தார்கள். அதில் 20 பேர் முதல் 28 நாளுக்குள். எடை குறைந்த பிள்ளையைத் துணி இல்லாமல் அம்மாவின் நெஞ்சோடு ஒட்டி வையுங்கள், அந்தச் சூடு பெரிய மருந்து.

பாம்பன்: ஒன்பதாவது மாதம். காலையிலிருந்து தலைவலி, கண் மங்குகிறது. அவர் கடலுக்குப் போயிருக்கிறார், கரை வந்ததும் போகலாமா?
காத்திருக்காதே தாயி. இது ரத்தக் கொதிப்பாக இருக்கலாம், வலிப்பு வந்துவிடும். இப்பவே 108க்குப் போடு, பக்கத்து வீட்டில் யாரையாவது துணைக்குக் கூப்பிடு. வண்டி ஏறியதும் எனக்கு ஒரு வரி எழுது. மற்றவர்கள் கேள்வி அப்புறம்.