நீல வில்லையில் 431: எண் ஒன்றானால் எல்லாம் ஒன்றா?

கேள்வி: நிலாவெளியில் இருக்கிறோம். போன கிழமை இடியோடு வொஷிங் மெஷின் நின்றுவிட்டது. போர்ட்டைக் கழற்றினால் பியூஸ் கறுத்து, பக்கத்தில் நீல வில்லை ஒன்று வெடித்துக் கிடக்கிறது. அதில் 14டி431 என்றிருந்தது. திருகோணமலை டவுன் கடையில் 07டி431 தான் உண்டு, "431 எல்லாம் ஒன்றுதான்" என்கிறார்கள். 14டி241 உம் இருக்கிறதாம். வீட்டுக் கரண்ட் 240 வோல்ட்தானே, அதைப் போடலாமா? சேர்ஜ் மல்டி பிளக் வாங்கினால் இனிப் பயமில்லையா?

பதில்: அந்த நீல வில்லைக்குப் பெயர் வேரிஸ்டர். வோல்டேஜ் அளவு மீறினால் கரண்டைத் தன் வழியே கடத்திப் போர்ட்டைக் காப்பது அதுதான். 241 ஐத் தொடவே வேண்டாம், சுவிட்ச் போட்ட கையோடு புகைந்துவிடும். கடைசி இலக்கம் பூச்சியங்களின் எண்ணிக்கை. 24 க்குப் பின் ஒரு பூச்சியம், ஆக 240. ஆனால் அது வேரிஸ்டர் கடத்தத் தொடங்கும் வோல்ட். ஏசியில் தாங்குவது 150 தான். 120 வோல்ட் நாடுகளுக்கான சாமான். நமது 230 வோல்ட், ஒவ்வொரு அலையிலும் 325 வரை ஏறி இறங்குகிறது. 431 என்றால் 275 வோல்ட் ஏசி வரை பேசாமல் இருக்கும்.

07 விஷயத்தில் கடைக்காரர் பாதி சரி. வோல்ட் ஒன்றுதான். முன்னால் உள்ள எண் வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். இடியின் கரண்டை விழுங்குவது அந்தப் பருமன்தான்: சாதாரண 7 மி.மீ. வில்லை ஒரு தடவைக்குச் சுமார் 1200 அம்பியர், 14 மி.மீ. சுமார் 4500. போடும்போதே தெரியும், 07 இன் கால்கள் 5 மி.மீ. இடைவெளி, போர்ட்டில் துளை 7.5, அகட்டித்தான் செருக வேண்டிவரும்.

14டி431 கிடைக்காவிட்டால் 14டி471 கேளுங்கள், 300 வோல்ட் ஏசி. டிரான்ஸ்போமருக்குப் பக்கத்து வீடென்றால் ஊர் அடங்கியபின் வோல்டேஜ் ஏறும். அங்கே நான் இதைத்தான் போடுவேன். பழைய போர்ட்டில் கழற்றியதை மட்டும் வாங்காதீர்கள். ஒவ்வொரு இடிக்கும் அது உள்ளே தேய்கிறது, மீற்றரில் பிடித்தால் புதியது போலவே காட்டும்.

பியூஸுக்கு அதே அம்பியர் கண்ணாடிக் குழாய்தான், செப்புக் கம்பி முறுக்கக் கூடாது. வில்லை சோர்ட் ஆனால் கரண்டை அறுக்க வேறு ஆளில்லை. கை வைக்குமுன், மின்னைத் தேக்கி வைக்கும் பெரிய கப்பாசிற்றரை மீற்றரால் பாருங்கள், பிளக் கழற்றியும் 300 வோல்ட் நிற்கலாம்.

மல்டி பிளக் வாங்கலாம், ஆனால் அதற்குள்ளும் இதே வில்லைகள்தான். சிலவற்றில் ஒன்றிரண்டு ஏர்த்துக்குப் போகும். உங்கள் பக்க மணல் காய்ந்தால் ஏர்த் கம்பி சும்மா நட்டு வைத்த மாதிரி. உப்புக் காற்றில் கிளிப்பும் பச்சை பிடித்திருக்கும். பிளக் வாங்குமுன் வயர்மேனைக் கூப்பிட்டு ஏர்த்தை அளக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் விழும் இடிக்கு இந்த வில்லைகள் எதுவும் நின்றுபிடிக்காது. முழக்கம் தூரத்தில் கேட்கும்போதே பிளக்கைக் கழற்றிவிடுங்கள்.