முடிவு தெரிந்த கதையை ஏன் படிக்கிறோம்?

வணக்கம் சார்,

காதல் நாவல், சாகசக் கதை, மாயாஜாலக் கதை என்று கையில் கிடைப்பதையெல்லாம் பல வருடங்களாகப் படித்து வருபவள் நான். தீவிர இலக்கியமும் கொஞ்சம் படித்திருக்கிறேன். ஆனாலும் மனம் திரும்பத் திரும்ப இவற்றிடம்தான் போகிறது. சமீபத்தில் ஒரு தோழி, நிறைய வாசிப்பவள், "கடைசியில் இரண்டு பேரும் சேர்ந்துவிடுவார்கள், நாயகன் ஜெயித்துவிடுவான். இது தெரிந்தும் நானூறு பக்கம் எப்படிப் படிக்கிறாய்? வாழ்க்கையிலிருந்து தப்பித்து ஓடுவதுதானே இது?" என்று கேட்டாள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதைவிடப் பெரிய கவலை என் மகள். பன்னிரண்டு வயது. டிராகனும் மந்திரமும் இல்லாத புத்தகத்தைத் தொடவே மாட்டேன் என்கிறாள். அவளை வேறு நல்ல புத்தகங்களுக்குக் கொண்டுவர வேண்டுமா? இந்த வகை நாவல்களுக்குள்ளேயே நல்லது எது, குப்பை எது என்று எப்படிப் பிரிப்பது?

அன்புடன்,
ஒரு வாசகி
(பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்)

அன்புள்ள வாசகிக்கு,

உங்கள் தோழி சொன்னதில் பாதி சரி. முடிவு நமக்குத் தெரியும்தான். கல்கி 1950-லிருந்து 1954 வரை பொன்னியின் செல்வனை வாராவாரம் எழுதியபோது, அருள்மொழிவர்மன் பின்னால் ராஜராஜ சோழனாகப் போகிறான் என்பது பள்ளிக்கூடத்தில் வரலாறு படித்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் மக்கள் அடுத்த இதழுக்காகக் காத்திருந்தார்கள். காத்திருந்து எதைப் படித்தார்கள்? ஊரே அரசனாக்கத் துடிக்கும் ஒருவன், கையில் வந்த கிரீடத்தை எடுத்து இன்னொருவன் தலையில் வைத்துவிடுகிறான். அவன் என்றாவது அரசனாவான் என்பது தெரியும், அதற்கு முன்னால் இப்படி ஒரு காரியம் செய்வான் என்பதும் அதை எந்த மனநிலையில் செய்வான் என்பதும் தெரியாது. ஐந்து பாகம் ஓடிய அந்த நாவலின் கடைசி அத்தியாயத்தில் வெற்றிவிழா எதுவும் கிடையாது. மணிமேகலை இறந்துபோகிறாள். வந்தியத்தேவனை விரும்பியதைத் தவிர வேறு ஒரு குற்றமும் செய்யாத பெண்.

எனக்குத் தோன்றுவது இதுதான். நல்ல ஜனரஞ்சக நாவல் முடிவை நம்மிடம் மறைப்பதே இல்லை, முதல் சில பக்கங்களிலேயே கிட்டத்தட்டச் சொல்லிவிடும். அது மறைத்து வைப்பது விலையை. அந்த முடிவுக்காக யார் எதைக் கொடுக்கப்போகிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் நானூறு பக்கமும் புரட்டுகிறோம்.

காதல் நாவலிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் இந்த வகைகளிலேயே அதிகம் ஏளனம் செய்யப்படுவது அதுதான். எழுதுகிறவர்களிலும் படிக்கிறவர்களிலும் பெண்கள் அதிகம் என்பதுதான் அந்த ஏளனத்துக்குப் பெரிய காரணம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். துப்பறியும் நாவலில் குற்றவாளி கடைசியில் அகப்பட்டே தீருவான், அதை யாரும் குறையாகச் சொல்வதில்லை. காதலர்கள் சேர்ந்தால் மட்டும் குறை.

ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரிஜுடிஸ்' 1813-ல் வந்தது. எலிசபெத்தும் டார்சியும் சேருவார்கள் என்று அவர்கள் முதலில் சந்திக்கும் இடத்திலேயே வாசகருக்குப் பட்டுவிடும். மொத்தம் 61 அத்தியாயங்கள். 34-வது அத்தியாயத்திலேயே டார்சி வந்து தன் காதலைச் சொல்கிறான், சொல்லும்போதே உன் குடும்பம் என் தகுதிக்குக் கீழே என்பதையும் சேர்த்துச் சொல்கிறான், அவள் முகத்துக்கு நேராக மறுத்துவிடுகிறாள். மறுநாள் அவன் ஒரு கடிதத்தை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போகிறான். அதற்கடுத்து, 36-வது அத்தியாயத்தில், வெளியே பார்த்தால் ஒன்றுமே நடப்பதில்லை. ஒரு பெண் நடந்துகொண்டே கடிதம் படிக்கிறாள், அவ்வளவுதான். முதல் தடவை கோபத்தோடு படிக்கிறாள், எல்லாம் பொய் என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிஷம்கூடத் தாங்கவில்லை, திரும்பப் பிரித்து ஒவ்வொரு வாக்கியமாக நிறுத்திப் படிக்கிறாள். அப்போது, அந்தக் கடிதம் ஏமாற்றுக்காரன் என்று காட்டும் விக்கம் என்கிற இனிமையான இளைஞன் தன்னிடம் பேசியது ஞாபகம் வருகிறது. பழகத் தொடங்கியதுமே தன் சொந்தக் கதையையெல்லாம் கொட்டினானே, அன்றைக்கு அது எனக்கு மனம்திறந்த பேச்சாகத் தெரிந்ததே, முன்பின் தெரியாத ஒருத்தியிடம் எவனாவது அப்படிப் பேசுவானா? இந்தக் கேள்வி அவளுக்கு அன்றைக்குத்தான் எழுகிறது. ஆளை எடைபோடுவதில் கெட்டிக்காரி என்று தன்னைப் பற்றி வைத்திருந்த நினைப்பு அந்த நடையில் உடைகிறது. அதுதான் அவள் கொடுக்கும் விலை. அவனும் தன் பங்குக்குக் கொடுக்கிறான், மாறி வருகிறான். இருவருக்கும் இடையில் நின்ற தடை இருவருக்குள்ளும் இருந்தது, அதனால் அது விலகியபோது கிடைக்கும் சந்தோஷம் நமக்கும் சம்பாதித்த சந்தோஷமாக இருக்கிறது.

இதை வைத்துக்கொண்டு மோசமான காதல் நாவலைச் சுலபமாக அடையாளம் காணலாம். ஒரு போன் பேசினால் தீர்ந்துவிடும் தவறான புரிதலை முந்நூறு பக்கம் இழுப்பார்கள். அல்லது நாயகன் அவளை அவமானப்படுத்துவான், கையைப் பிடித்து இழுப்பான், கடைசி அத்தியாயத்தில் 'உன் மேல் வைத்த அன்பினால்தான்' என்பான், அவளும் கண் கலங்கி மன்னித்துவிடுவாள். இதில் அவன் எதையும் கொடுக்கவில்லை. முழு விலையையும் அவள் ஒருத்தியே கொடுத்திருக்கிறாள், அதற்குக் காதல் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த மாதிரி நாவல்கள் மேல் எனக்கு உண்மையான கோபம் உண்டு. முடிவு சுபம் என்பதற்காக அல்ல, அந்தச் சுபம் ஒரு பக்கத்திலிருந்து மட்டும் பிடுங்கப்பட்டது என்பதற்காக.

சாகசக் கதைக்கு வருகிறேன். ஸ்டீவன்சனின் 'புதையல் தீவு' பிறந்த விதமே அழகு. 1881-ல் ஸ்காட்லாந்தில் மழையால் வீட்டுக்குள் அடைந்து கிடந்த விடுமுறை நாட்களில், வளர்ப்பு மகனோடு சேர்ந்து ஒரு தீவின் வரைபடம் வரைந்து வண்ணம் தீட்டியபோது அந்தக் கதை தொடங்கியது. அவருடைய அப்பா கலங்கரை விளக்கங்கள் கட்டும் பொறியாளர். கதையில் வரும் பழைய மாலுமியின் பெட்டிக்குள் என்னென்ன சாமான்கள் இருக்க வேண்டும் என்று அந்தப் பெரியவர் உட்கார்ந்து பட்டியல் போட்டுக் கொடுத்திருக்கிறார். பையன், அப்பா, தாத்தா மூன்று பேரும் விளையாடிய விளையாட்டு அது.

ஆனால் விளையாட்டாகத் தொடங்கிய கதைக்குள் என்ன இருக்கிறது என்று பாருங்கள். சிறுவன் ஜிம் ஒரு ஆப்பிள் வேண்டும் என்று கப்பல் தளத்தில் இருக்கும் பீப்பாய்க்குள் இறங்குகிறான், உள்ளே உட்கார்ந்து கிட்டத்தட்டத் தூங்கிப்போகிறான். யாரோ பீப்பாயில் சாய்கிறார்கள். குரல் கேட்கிறது. இத்தனை நாள் தன்னிடம் பிரியமாகப் பேசிய சமையற்காரர் ஜான் சில்வரின் குரல். அதே பிரியமான குரலில், அதே புகழ்ச்சி வார்த்தைகளை இன்னொரு இளைஞனிடம் சொல்லி அவனைக் கொள்ளைக்கூட்டத்தில் சேர்த்துக்கொண்டிருக்கிறார். கொலைத் திட்டத்தைக் கேட்டு ஜிம் நடுங்குகிறான், சரி. அதோடு அவனுக்கு வருவது வேறு ஒரு வலி. தனக்கு மட்டுமே என்று நினைத்திருந்த அந்தப் பிரியம் எல்லோருக்கும் விற்கப்படுகிற சரக்கு என்று தெரிகிற வலி. பத்து வயதில் படிக்கிற குழந்தைக்கும் அது சுருக்கென்று தைக்கும். கடைசியில் புதையல் கிடைக்கிறது, வீடு திரும்புகிறார்கள், ஆனால் அந்தத் தீவுக்கு இனி எதைக் கொடுத்தாலும் போகமாட்டேன் என்கிறான் ஜிம். கெட்ட கனவில் அலைச் சத்தம் கேட்டுத் திடுக்கிட்டு எழுகிறான். சில்வரோ கொஞ்சம் காசை எடுத்துக்கொண்டு தப்பித்துவிடுகிறார், ஒரு தண்டனையும் இல்லை. இதுவா வாழ்க்கையிலிருந்து தப்பிப்பது? வாழ்க்கையில் நம்மை ஏமாற்றியவர்களில் பாதிப் பேர் இப்படித்தானே காணாமல் போயிருக்கிறார்கள், அவர்களில் சிலர் மேல் நமக்கு இன்னமும் கொஞ்சம் பிரியமும் இருக்கிறதே.

மாயாஜாலக் கதை, அதாவது உங்கள் மகளின் உலகம். இங்கே கணக்கு இன்னும் கறார். எது வேண்டுமானாலும் நடக்கலாம் என்றால் எதற்கும் மதிப்பில்லை, அதனால் நல்ல மாயக்கதை எழுதுகிறவர்கள் மந்திரத்துக்கு எல்லை வைப்பதில்தான் அதிக உழைப்பைப் போடுகிறார்கள். உர்சுலா லெ குவினிடம் ஒரு பதிப்பாளர் வளர்ந்த பிள்ளைகளுக்கு ஒரு நாவல் கேட்டார். கதைகளில் வரும் மந்திரவாதிகள் எல்லோரும் வெள்ளைத் தாடிக் கிழவர்களாகவே இருக்கிறார்களே, இவர்கள் சிறுவர்களாக இருந்தபோது யாரிடம் இதையெல்லாம் கற்றிருப்பார்கள் என்று லெ குவின் யோசித்தார். 1968-ல் 'எ விசார்ட் ஆஃப் எர்த்ஸீ' வந்தது. அதில் வரும் மந்திரப் பள்ளியில் ஓர் ஆசிரியர் சொல்வார்: இந்தத் தீவில் மழையை வரவழைத்தால் இன்னொரு தீவில் வறட்சி வரலாம். மாணவன் கெட் காதில் வாங்கவில்லை. சக மாணவன் சீண்டினான் என்பதற்காக, கெத்துக் காட்ட, செத்துப்போன ஒருத்தியின் ஆவியைக் கூப்பிடுகிறான். கூடவே ஒரு நிழல் வெளியே வந்து அவன் முகத்தைக் கிழிக்கிறது. திறந்த வாசலை மூடுவதற்குப் பள்ளியின் தலைவர் தன் சக்தி முழுவதையும் செலவழித்து இறந்துபோகிறார். கெட் பல மாதம் படுத்த படுக்கை, முகத்துத் தழும்பு கடைசிவரை போகாது. இதெல்லாம் புத்தகம் பாதியைத் தாண்டுவதற்கு முன்பே நடந்துவிடும். மீதிப் பக்கங்கள் அவன் அவிழ்த்துவிட்டதோடு அவனே கணக்குத் தீர்ப்பது.

டோல்கீனின் பெரிய நாவலான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்'-இலும் இதே கதைதான். மோதிரம் அழிகிறது, உலகம் பிழைக்கிறது, ஆனால் அதைச் சுமந்து போன ஃப்ரோடோவால் தன் ஊரில் பழையபடி வாழ முடிவதில்லை, பட்ட காயம் வருடா வருடம் அதே தேதியில் வலிக்கிறது. போர் முடிந்து வீடு திரும்பியவர்களைப் பார்த்தவர்களுக்கு இதை யாரும் விளக்கத் தேவையில்லை. டோல்கீன் முதல் உலகப்போரில் பதுங்குகுழியில் கிடந்தவர்.

மோசமான மாயக்கதையில் கடைசி அத்தியாயத்தில் புதிதாக ஒரு சக்தி முளைக்கும். அதற்குமேல் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

சிறுவர்களுக்கும் இளையவர்களுக்கும் எழுதப்படும் நாவல்களில் எனக்கு வேறொரு கவலை இருக்கிறது. வாங்கிக் கொடுப்பவர் பெரியவர், அதனால் பல புத்தகங்கள் பெரியவரைத் திருப்திப்படுத்தவே எழுதப்படுகின்றன, பன்னிரண்டு வயதுப் பாத்திரம் வாயைத் திறந்தால் உபதேசமாகக் கொட்டும். லூயிசா மே ஆல்காட்டிடம் பதிப்பாளர் பெண் பிள்ளைகளுக்கு ஒரு புத்தகம் கேட்டபோது அவருக்கு அதில் பெரிய ஆர்வம் இல்லை. ஆனாலும் 1868-ல் 'லிட்டில் விமன்' வந்ததும் பிடித்துக்கொண்டது. சிறுமிகள் கடிதம் எழுதிக் குவித்தார்கள், நாயகி ஜோவை பக்கத்து வீட்டு லாரிக்குக் கட்டிவையுங்கள் என்று. யாரையும் சந்தோஷப்படுத்துவதற்காக அப்படிச் செய்யமாட்டேன் என்று ஆல்காட் தன் நாட்குறிப்பில் எழுதினார், 1869-ல் வந்த இரண்டாம் பாகத்தில் லாரி கேட்கிறான், ஜோ மறுக்கிறாள், நடுத்தர வயதுப் பேராசிரியர் ஒருவரை மணக்கிறாள். இன்றைக்கும் அந்த முடிவை ஏற்காதவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும். வாசகர் கேட்டதைக் கொடுப்பதும் வாசகரை மதிப்பதும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை என்பதை இத்தனை வருடமாகச் சிறுமிகளோடு வாதாடிக்கொண்டே சொல்கிற நாவல் அது.

எஸ்.இ. ஹின்டன் பள்ளி மாணவியாக இருந்தபோது 'தி அவுட்சைடர்ஸ்' எழுதத் தொடங்கினார், 1967-ல் அது வெளிவந்தபோது அவருக்கு 18 வயது. தன் வயதுப் பிள்ளைகள் நிஜத்தில் எப்படி இருக்கிறார்களோ அப்படிக் காட்டும் கதை படிக்கக் கிடைக்காததால் தானே எழுதினார். அந்த வயதுக்காரர்கள் பேசுவதை அந்த வயதுக்காரி எழுதினாள், உபதேசத்துக்கு அதில் இடமே இல்லை.

சரி, மகள் விஷயம். அவளை எங்கேயும் 'கொண்டுவர' வேண்டாம். தடிமனான மாயக்கதை படிக்கிற பிள்ளை, உலகில் இல்லாத ஒரு நாட்டின் வரைபடத்தை மனதில் வைத்துக்கொள்கிறது, நாற்பது பாத்திரங்களின் உறவுமுறை தெரிகிறது, அங்கே என்ன நடக்கலாம் என்ன நடக்கக்கூடாது என்ற விதிகளைத் தானே கண்டுபிடித்து, ஆசிரியர் அதை மீறினால் "அது எப்படி?" என்று கோபப்படுகிறது. இந்தக் கோபம் விமர்சகருக்கு வேண்டிய முதல் தகுதி. எதைப் படித்தாலும் இது உதவும், எந்தப் பெரிய இலக்கியமும் இதற்கு மேல் வாசகரிடம் புதிதாக ஒரு திறமையைக் கேட்பதில்லை, பொறுமையைக் கொஞ்சம் கூடக் கேட்கும், அது வயதோடு வரும்.

இன்னொன்று. அவளுடைய தீர்ப்பைக் கேட்டு வாங்குங்கள். 1936-ல் டோல்கீனின் 'தி ஹாபிட்' கையெழுத்துப் பிரதி பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினிடம் வந்தபோது அவர் அதைத் தன் பத்து வயது மகன் ரேனரிடம் கொடுத்தார். ஐந்து முதல் ஒன்பது வயதுவரை உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பிடிக்கும் என்று அந்தப் பையன் எழுதிக் கொடுத்தான், ஒரு ஷில்லிங் கூலி வாங்கிக்கொண்டான், புத்தகம் 1937-ல் வந்தது. அதே ரேனர் வளர்ந்து பதிப்பகத்துக்குள் வந்த பிறகு, நஷ்டம் வரலாம் என்று தெரிந்தே 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' வெளிவரக் காரணமாக இருந்தார்.

லெ குவினின் நாவலை அவளுக்கு அடுத்ததாகக் கொடுத்துப் பாருங்கள். சின்னப் புத்தகம்தான், ஆனால் நடை நிதானமாகப் போகும், டிராகனும் உண்டு. முப்பது பக்கத்தில் பிடிக்கவில்லை என்றால் வைத்துவிடட்டும், வற்புறுத்த வேண்டாம். முடித்துவிட்டாள் என்றால் கெட் செய்தது சரியா, அந்தத் தலைவர் சாக வேண்டியிருந்ததா என்று அவள் நினைப்பதை ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அவளுக்குச் சம்மதம் என்றால் எனக்கு அனுப்புங்கள், அவளுக்கே பதில் எழுதுகிறேன்.

அன்புடன்.