ஊட்டியில் படகு இல்லம், பூங்கா தவிர வேறு என்ன பார்க்கலாம்?

படகு இல்லத்துக்கு நான் பதினொரு முறை போயிருக்கிறேன். அதில் ஒருமுறைகூட எனக்காகப் போனதில்லை.

மூன்று வருடம் ஊட்டியில் வேலை பார்த்தேன். காந்தலில் ஒரு வாடகை அறை. மே மாதம் பிறந்தால் போதும், ஈரோட்டிலிருந்து சொந்தக்காரர்கள் கிளம்பி மேலே வந்துவிடுவார்கள். படகு இல்லம், தாவரவியல் பூங்கா, ரோஜாப் பூங்கா, தொட்டபெட்டா, கடைசியில் ஒரு சாக்லேட் கடை. கார்க்காரர்கள் இவற்றை "பாயிண்ட்" என்பார்கள். ஏழு பாயிண்ட்டுக்கு ஒரு ரேட், ஒன்பது பாயிண்ட்டுக்கு ஒரு ரேட். மறுநாள் காலையில் எல்லோரும் ஸ்வெட்டருக்குள் கையை விட்டுக்கொண்டு என் முகத்தைப் பார்ப்பார்கள். அப்புறம்? நீங்கள் கேட்டிருப்பதும் அதேதான்: இரண்டாம் முறை போகிறீர்கள், வயதான பெற்றோர் கூட வருகிறார்கள், ஒன்றரை நாள் கையில் இருக்கிறது, வழக்கமான இடங்கள் வேண்டாம்.

முதலில் இந்த ஊரின் விசித்திரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊட்டியில் கண்ணில் படுவதில் பாதி, வேறெங்கிருந்தோ கொண்டுவந்து வைத்தது. ஏரியே இயற்கை ஏரி கிடையாது. கோவை கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1820களில் ஓடைத் தண்ணீரைத் தேக்கி வெட்டவைத்தது. மலையெல்லாம் நிற்கும் கற்பூர மரம், அதாவது யூகலிப்டஸ், ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. தேயிலை சீனாவிலிருந்து. கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் "இங்கிலீஷ் காய்கறி" என்றே பெயர். ஊரின் நடுச் சந்திப்புக்கு சேரிங் கிராஸ் என்று லண்டன் பெயர். எது எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டே சுற்றினால், பாயிண்ட் கணக்கில் பார்த்த ஊர்தானா இது என்று தோன்றும்.

புனித ஸ்டீபன் தேவாலயத்தில் தொடங்குங்கள். 1829இல் அடிக்கல் நாட்டி 1831இல் திறந்தார்கள். வெளியிலிருந்து பார்த்துவிட்டுப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடாதீர்கள். உள்ளே போய் அண்ணாந்து பாருங்கள். கூரையைத் தாங்கும் பெரிய பெரிய உத்தரங்கள் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அரண்மனையைப் பிரித்து எடுத்து வந்தவை. மைசூர்ப் பக்கம் ஒரு சுல்தானின் தலைக்கு மேல் இருந்த மரம், ஏழாயிரம் அடி உயரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தின் மேல் நிற்கிறது. தேவாலயத்தின் பின்னால் சரிவில் கல்லறைத் தோட்டம் இறங்குகிறது. சல்லிவனின் மனைவியும் மகளும் அங்கேதான் இருக்கிறார்கள். ஊரை உருவாக்கியவர் இங்கிலாந்து திரும்பிவிட்டார், அவர்கள் இருவரும் இங்கேயே தங்கிவிட்டார்கள். பாசி படிந்த கல், கால் வழுக்கும். பெற்றோரை மேல்வரிசையோடு நிறுத்திவிடுங்கள்.

சல்லிவன் கட்டிய முதல் பங்களாவான ஸ்டோன் ஹவுஸ் இப்போது அரசு கலைக் கல்லூரி வளாகத்துக்குள் இருக்கிறது. ஊட்டி கிளப்பைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்னூக்கர் ஆட்டம் பிறந்தது ஜபல்பூரில் என்பார்கள், ஆனால் அதன் விதிகளை 1882இல் எழுதி மாட்டியது இந்த கிளப்பின் பில்லியர்ட்ஸ் அறையில். உறுப்பினர் இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள். மூன்று வருடத்தில் நானும் வாசல் கேட்டோடு சரி.

இனி நான் உண்மையில் சொல்ல வந்த இடம். முத்தோரை பாலாடா. ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள்தான். அங்கே மலைச்சரிவில், விண்வெளியிலிருந்து வரும் ரேடியோ அலைகளைப் பிடிக்கும் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருக்கிறது. தொலைநோக்கி என்றதும் வட்டமான கிண்ணத்தைக் கற்பனை செய்யாதீர்கள். நீளவாக்கில் பாதியாகப் பிளந்த ஒரு குழாயை மலைமேல் சாத்தி வைத்தது போல இருக்கும். 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். கோவிந்த் ஸ்வரூப் என்ற விஞ்ஞானியும் அவருடைய குழுவும் வடிவமைத்து 1970இல் இயக்கத்துக்குக் கொண்டுவந்தார்கள்.

இதில் சூட்சுமம் அந்தச் சரிவுதான். ஊட்டி பூமத்திய ரேகைக்கு வடக்கே சுமார் 11 பாகையில் இருக்கிறது. வடக்கு தெற்காக, அதே 11 பாகை சாய்ந்த ஒரு மலையைத் தேடிப் பிடித்து அதன்மேல் கட்டினார்கள். அப்படிச் செய்ததால் தொலைநோக்கியின் அச்சு பூமி சுழலும் அச்சுக்கு இணையாகிவிட்டது. பூமி சுழலும்போது வானத்தில் ஒரு புள்ளி கிழக்கிலிருந்து மேற்கே நகருமல்லவா, இது படுத்த இடத்திலேயே மெல்லப் புரண்டு கொடுத்தால் போதும். ஒன்பதரை மணி நேரம் அந்தப் புள்ளியை விடாமல் பின்தொடரும். எல்லாமே வெளியிலிருந்து வந்த ஊரில், அந்த மலையே பாதிக் கருவியாகிவிட்ட ஓர் இடம். எனக்கு ஊட்டியில் பிடித்ததும் அதுதான்.

ஒரு வருடம் என் பெரியப்பாவும் பெரியம்மாவும் வந்திருந்தார்கள். பெரியப்பா மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். தாவரவியல் பூங்காவில் அரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்தபடியே தூங்கினார். சரி, இவரை அங்கே கூட்டிப் போவோம் என்று, தெரிந்த ஒருவர் மூலம் முன்கூட்டியே கேட்டுவிட்டுப் போனோம். கிட்டே போனால்தான் தெரியும், அந்தப் பெரிய பரப்பு தகடு இல்லை. 24 இரும்புச் சட்டங்களின் மேல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை இழுத்துக் கட்டிய 1,100 மெல்லிய எஃகுக் கம்பிகள். பெரியப்பா தூக்கம் கலைந்து நின்றார்.

"ஏங்கண்ணு, அரை கிலோமீட்டருக்கு ஒரே கம்பியா? வெயிலுக்கு நீளுமே, தொய்வ எப்படிச் சமாளிக்கறாங்க?"

எனக்குத் தெரியவில்லை. கூட வந்தவர் விளக்க ஆரம்பித்தார். இருவரும் டென்ஷன், ஸ்பேன் என்று பேசிக்கொண்டே சரிவில் மேலேறிப் போய்விட்டார்கள். பெரியம்மாவும் நானும் கீழே முக்கால் மணி நேரம் காத்திருந்தோம். அது ஆராய்ச்சி நடக்கும் இடம், டிக்கெட் கவுன்ட்டர் எல்லாம் கிடையாது என்பதை நினைவில் வையுங்கள். அனுமதி கிடைக்காவிட்டால் தூரத்திலிருந்து பார்க்கலாம், அந்த நீளம் அங்கிருந்தே தெரியும்.

அதே பாலாடாவில் பழங்குடியினர் ஆய்வு மையத்தின் அருங்காட்சியகம் இருக்கிறது. தோடர், கோத்தர், குறும்பர், இருளர், பணியர், காட்டுநாயக்கர் ஆகியோரின் வீடுகளை மாதிரிக்குக் கட்டி வைத்திருக்கிறார்கள். அலுவலக நாளாகப் பார்த்துப் போங்கள். கூட்டமே இருக்காது. நாங்கள் போனபோது எங்களுக்காகத்தான் விளக்கைப் போட்டார்கள்.

கேத்தி பாலாடாவுக்கு விடிந்ததும் போக முடிந்தால் கேரட் கழுவுவதைப் பார்க்கலாம். ராத்திரியே வயலில் பிடுங்கி, தழையை நறுக்கி, மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார்கள். துளை போட்ட பெரிய இரும்பு உருளைக்குள் கொட்டி, தண்ணீரைப் பீய்ச்சிச் சுற்றவிடுவார்கள். உள்ளே போகும்போது மண்ணாங்கட்டி போல இருப்பது, வெளியே சறுக்கிக்கொண்டு வரும்போது கண் கூசும் ஆரஞ்சு நிறம். கீழே வாய்க்காலில் செந்நிறச் சேறு ஓடும். அங்கிருந்து லாரி ஏறி மேட்டுப்பாளையம் மண்டிக்குப் போய்விடும். அன்று வேலை செய்துகொண்டிருந்த ஒரு அம்மா, பெரியம்மா உற்றுப் பார்ப்பதைக் கண்டு இரண்டு கேரட்டை எடுத்து நீட்டினார். பெரியம்மா முந்தானையில் துடைத்து அங்கேயே ஒரு கடி கடித்துவிட்டு, "நம்மூர்ல விக்கறது வேற எதோ" என்றார். வேலை நடக்கும் இடம், குறுக்கே நிற்காமல் ஓரமாக நின்று பாருங்கள்.

மலைக்கு உரியவர்கள் தோடர்கள். ஊரின் பெயரே அவர்களுடைய குடியிருப்பான மந்திலிருந்து வந்தது என்பார்கள். ஒத்தைக்கல் மந்து திரிந்து திரிந்து உதகமண்டலம் ஆனதாம், அதைச் சுருக்கி ஊட்டி. தாவரவியல் பூங்காவுக்கு மேலேயே மஞ்சக்கல் மந்து இருக்கிறது; பூங்காவைப் பார்க்கிற பெரும்பாலானோர் அதுவரை ஏறுவதில்லை. முத்தநாடு மந்தில் கூம்பு வடிவக் கோயிலைப் பார்க்கலாம், வேலிக்கு வெளியே நின்று மட்டும். மந்து என்பது மக்கள் குடியிருக்கும் இடம். கேட்காமல் போட்டோ எடுப்பது, வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பது எல்லாம் வேண்டவே வேண்டாம். ஏதாவது வாங்க வேண்டும் என்றால் சாக்லேட்டை விட்டுவிட்டு தோடர்களின் பூத்துக்குளித் துணியில் ஒரு சிறிய துண்டாவது வாங்குங்கள். வெள்ளைத் துணியில் சிவப்பும் கருப்புமாக, கோலம் எதுவும் வரைந்துகொள்ளாமல், இழையை எண்ணி எண்ணியே போடும் பின்னல். 2013இல் புவிசார் குறியீடு கிடைத்தது. விலை கூடத்தான் இருக்கும், பேரம் பேசாதீர்கள்.

மலை ரயிலுக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து முன்பதிவு கிடைப்பது குதிரைக்கொம்பு. அதற்காக மனம் ஒடிய வேண்டாம். ஊட்டியிலிருந்து குன்னூர் வரை போய்வாருங்கள், ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். பல்சக்கரமும் நீராவியும் குன்னூருக்குக் கீழேதான், இங்கே டீசல் எஞ்சின். ஆனால் லவ்டேல், கேத்தி, அரவங்காடு என்று நின்று நின்று போகும்போது பக்கத்தில் உட்காருவது உள்ளூர்க்காரர்களாக இருப்பார்கள். வயதானவர்களுக்கு இந்தத் தூரமே சரி.

சாப்பாட்டில் ஒன்றே ஒன்று சொல்வேன்: வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட். பேக்கரியில் சூடாக வாங்கி டீயில் முக்கிச் சாப்பிடுங்கள். பாக்கெட்டில் கட்டி ஊருக்குக் கொண்டுபோனால் இரண்டே நாளில் அதன் மொறுமொறுப்பு போய்விடும்.

சொந்த வண்டியில் போவதானால் ஆன்லைனில் இ-பாஸ் என்ற நுழைவு அனுமதி எடுத்துவிட்டுக் கிளம்புங்கள். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து அது கட்டாயம். அரசு பஸ்ஸில் வந்தால் அந்தத் தொல்லை இல்லை. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலை வழியிலேயே பறித்து வைத்துக்கொள்வார்கள், வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டு போங்கள். கூட்டம் ஆகாதென்றால் மே மாதத்தை விட்டுவிடுங்கள். டிசம்பர், ஜனவரியில் அதிகாலை எழுந்தால் தலைகுந்தா பக்கம் புல்வெளி முழுக்க உறைபனி வெள்ளையாகக் கிடக்கும். வெயில் ஏறியதும் காணாமல் போய்விடும்.

அன்று முத்தோரையிலிருந்து திரும்பும் வழியெல்லாம் பெரியப்பா கம்பியைப் பற்றியேதான் பேசினார். நானும் பரம திருப்தியாக இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் மஃப்ளரைச் சரிசெய்துகொண்டு கேட்டார்: "அப்ப படகு எப்பக் கண்ணு?"

மேலே சொன்ன பதினொன்றில் அது ஒன்பதாவது.