மைனஸ் 9 பவரும் விமானி கனவும்

மைனஸ் 9 பவர் உள்ள, விமானி ஆக விரும்பும் உங்கள் மகளுக்கு 18 வயது முடிந்ததும் லாசிக் (பவரைக் குறைக்க லேசரால் கருவிழிப்படலத்தைச் செதுக்கும் அறுவை) செய்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள் அம்மா. முதலில் அவள் சேர விரும்பும் பணியின் மருத்துவத் தகுதி விதிகளை எழுத்துவடிவில் வாங்கிப் படியுங்கள். பயணிகள் விமானம் ஓட்டுபவர்களில் கண்ணாடி அணிபவர்கள் பலர் உண்டு. சில நாடுகளின் விதிகளில் பவருக்கு உச்ச வரம்பு இருக்கிறது. அறுவைக்கு முன்பு இருந்த பவரையும் கேட்பார்கள். ராணுவப் பணிகளில் கெடுபிடி இன்னும் அதிகம். விழியின் முன்பின் நீளத்தை (மைனஸ் பவர் அதிகமான கண் பெரும்பாலும் நீண்டிருக்கும்) அளந்து, வரம்பை மீறினால் நிராகரிப்பதும் உண்டு. லேசர் அந்த நீளத்தைக் குறைப்பதில்லை. வேலைக்காகச் செய்த அறுவையே வேலைக்குத் தடையாகிவிடக் கூடாது.

அடுத்து, கருவிழிப்படலத்தின் (கார்னியா) கணக்கு. அதன் சராசரித் தடிமன் சுமார் 540 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). லாசிக்கில் மேலே மடித்துத் திறக்கும் மெல்லிய ஏட்டுக்கு 110 போய்விடும். ஒரு டையாப்டருக்கு (பவரின் அலகு) ஏறக்குறைய 14 மைக்ரான் வீதம், மைனஸ் 9-க்கு 126 செதுக்க வேண்டும். மிஞ்சுவது 304. குறைந்தது 250 மிஞ்ச வேண்டும் என்பார்கள். 300-க்குக் கீழே போகத் தயங்கும் மருத்துவர்களும் உண்டு. உங்கள் மகளின் தடிமன் 500 என்றால் 264தான் மிஞ்சும். அளவுக்கு மீறி மெலிந்த படலம் பிற்பாடு முன்தள்ளிப் பார்வையைக் கெடுத்துவிடலாம். அப்படி ஆனால் கண்ணாடி போட்டும் தெளிவு வராது. எனக்கு இதுதான் பெரிய கவலை. கண் வறட்சியும், இரவில் விளக்கைச் சுற்றித் தெரியும் ஒளிவட்டமும் பலருக்கு மாதக்கணக்கில் குறைந்துவிடும், சிலருக்கு நீடிக்கும். இரவில் விமானம் ஓட்ட நினைப்பவளுக்கு அது சின்ன விஷயம் அல்ல.

படலம் போதாதவர்களுக்குக் கண்ணுக்குள் ஐசிஎல் எனப்படும் மெல்லிய லென்ஸை வைப்பார்கள். படலத்தைச் செதுக்குவதில்லை, தேவைப்பட்டால் எடுத்தும் விடலாம். ஆனால் கண்புரை, கண்ணழுத்தம் ஆகிய அபாயங்கள் இருப்பதால் ஆண்டுதோறும் பரிசோதனை வேண்டும். இதையும் அந்தப் பணி ஏற்கிறதா என்று கேட்டாக வேண்டும்.

எந்த அறுவை செய்தாலும், நீண்டுபோன கண்ணில் விழித்திரை விலகும் அபாயம் அப்படியேதான் இருக்கும். ஆகவே இப்போதே கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்க்கச் சொல்லுங்கள். ஓராண்டாகப் பவர் மாறாமல் இருக்கிறதா என்பதற்குப் பழைய சீட்டுகளை எடுத்துச் செல்லுங்கள். கான்டாக்ட் லென்ஸ் அணிகிறாள் என்றால், கருவிழி அளவெடுப்பதற்கு எத்தனை நாள் முன்பே கழற்ற வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு போங்கள்.