சிலுவையடியில் தரப்பட்ட தாய்

கேள்வி: மடு மாதா கோவில் திருவிழாத் திருப்பலியில் மறையுரை ஆற்றிய சுவாமி, சிலுவையில் தொங்கிய யேசு தம் தாயை நம் எல்லாருக்கும் தாயாகத் தந்தார் என்றார். பெந்தெகொஸ்தே சபைக்குப் போகும் என் மச்சாளோ, யேசு விதவைத் தாயைப் பராமரிக்க ஒழுங்கு செய்தார், அவ்வளவுதான் என்று தங்கள் பாஸ்டர் போதிப்பதாகச் சொல்கிறார். வசனம் ஒன்றுதானே, யார் சொல்வது சரி?
- வாசகி ஒருவர், மல்லாவி

பதில்: நீங்கள் கேட்பது யோவான் 19ஆம் அதிகாரத்தின் 26, 27ஆம் வசனங்களைப் பற்றியது. யேசு தாயிடம் அன்புச் சீடரைக் காட்டி "இவர் உம் மகன்" என்கிறார். பின்பு சீடரிடம் "இவர் உம் தாய்" என்கிறார். அந்நேரம் முதல் சீடர் அவரைத் தம்மிடம் ஏற்றுக்கொள்கிறார்.

பாஸ்டரின் விளக்கம் நேற்று முளைத்ததன்று. கத்தோலிக்கர் புனிதராக வணங்கும் அகுஸ்தினாரும் கிறிசோஸ்தோமும் இவ்விடத்தில் பெற்றோரைப் பேணும் கடமையைத்தான் முதலில் கண்டார்கள். புரட்டஸ்தாந்த சீர்திருத்தவாதி கல்வினும் பிற்காலத்தில் அவ்வழியே சென்றார். மறுபுறம், 3ஆம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ வேத அறிஞர் ஒரிஜன், மரியாவைத் தாயாக ஏற்றவருக்கே யோவான் நற்செய்தியின் பொருள் விளங்கும் என்று எழுதினார். அந்தச் சிந்தனை மேற்குலகில் 12ஆம் நூற்றாண்டளவில் விரிந்து, 1964 நவம்பர் 21 அன்று பாப்பரசர் ஆறாம் பவுல் மரியாவைத் "திருச்சபையின் தாய்" என்று அறிவித்தபோது முழு உருப்பெற்றது. 2018இல் பாப்பரசர் பிரான்சிஸ் அதற்கென ஒரு நினைவுநாளையும் ஏற்படுத்தினார். அன்று வாசிக்கப்படும் நற்செய்தி இதே பகுதிதான்.

கிழக்கின் ஓர்த்தடொக்ஸ் சபைகளும் கத்தோலிக்கரும் இப்பகுதியிலிருந்து வேறொரு முடிவையும் எடுக்கிறார்கள்: மரியாவுக்கு வேறு பிள்ளைகள் இருந்திருந்தால் யேசு அவரை ஒரு சீடரிடம் ஒப்படைத்திருக்க மாட்டார் என்பது 4ஆம் நூற்றாண்டில் ஆயர் ஹிலாரி வைத்த வாதம். யேசுவின் சகோதரர் அப்போது அவரை நம்பவில்லை என்று யோவான் 7:5 சொல்வதைக் காட்டிப் புரட்டஸ்தாந்தர் பலர் அதை மறுக்கிறார்கள். (புரட்டஸ்தாந்த முன்னோடிகளான லூத்தரும் சுவிங்ளியும் மரியா என்றும் கன்னியே என்று நம்பியவர்கள் என்பதை உங்கள் மச்சாள் கேட்டால் வியக்கக்கூடும்.) ஆயினும் அந்த வழக்கைத் தனியே வைத்துக்கொள்வது நல்லது, உங்கள் கேள்வி அதில் தங்கியிருக்கவில்லை.

உண்மையான பிணக்கு "அவ்வளவுதான்" என்பதில் இருக்கிறது. மகனின் கடமை என்ற பொருளை எந்தக் கத்தோலிக்கரும் மறுப்பதில்லை. அதற்கு மேலும் ஒரு பொருள் உண்டா என்பதே கேள்வி. இங்கே யோவானின் எழுத்து முறையைக் கவனிக்க வேண்டும். மரியாவின் பெயரை அவர் ஓரிடத்திலும் எழுதவில்லை. கானாவூர்த் திருமணத்திலும் சிலுவையடியிலும் "யேசுவின் தாய்" என்றே குறிப்பிடுகிறார். கானாவில் "என் நேரம் இன்னும் வரவில்லை" என்ற யேசுவுக்கு அந்த நேரம் வந்திருப்பது சிலுவையில்தான். பராமரிப்பு மட்டுமே நோக்கமென்றால் சீடரிடம் சொன்ன வாக்கியம் ஒன்றே போதுமாயிருக்க, யேசு முதலில் தாயிடமே பேசுகிறார். இன்னும், அடுத்த 28ஆம் வசனம், "இதன்பின்" எல்லாம் நிறைவேறிற்று என்று யேசு அறிந்ததாகத் தொடங்குகிறது. இவ்வளவையும் பார்க்கும்போது, ஒரு குடும்ப ஒழுங்கோடு மட்டும் இதை நிறுத்திவிடுவது கடினம் என்பதே என் எண்ணம்.

ஆனால் அங்கிருந்து, மரியாவின் பரிந்துரையைக் கேட்கும் செபமாலைக்குச் செல்லும் தூரத்தை இவ்விரு வசனங்களும் தாமாகக் கடந்துவிடவில்லை. அன்புச் சீடர் எல்லா விசுவாசிகளுக்கும் அடையாளம் என்பதை ஒருவர் ஏற்றாலும், விண்ணகத்திலுள்ள தாயிடம் பரிந்துரை கேட்கலாம் என்பது இப்பகுதியில் எழுதப்படாத இன்னொரு படி. கத்தோலிக்கர் அந்தப் படியை ஏறுவது, திருச்சபை பல நூற்றாண்டுகளாகச் செபித்து வந்த மரபும் வேதத்தை விளக்கும் சாட்சி என்று கொள்வதால். பெந்தெகொஸ்தேக்காரர் ஏறாதது, எழுதப்பட்ட வசனமே முடிவான அளவுகோல் என்று கொள்வதால்.

எனவே மச்சாள் ஆவணித் திருவிழாவுக்கு மடுவுக்கு வர மறுத்தால், அவர் யோவான் நற்செய்தியை மறுக்கிறார் என்று எண்ண வேண்டாம். அவரோடு பேச விரும்பினால் மரபின் அதிகாரத்தைப் பற்றிப் பேசுங்கள். அதற்கு முன்பு இருவருமாக 19ஆம் அதிகாரத்தை 28ஆம் வசனம்வரை வாசித்து, அந்த "இதன்பின்" எதைக் குறிக்கிறது என்று அவரிடம் கேளுங்கள்.