பதில்: இசைத்தட்டைப் போட்டபின் சிடி டிரைவ் காணாமற்போனது

வணக்கம் நண்பரே. பழைய விண்டோஸ் எக்ஸ்பி கணினியில் 2005 ஆம் ஆண்டின் இசைத்தட்டைப் போட்டதாகவும், அது நிறுவிய மறைகோப்பை அழித்ததும் சிடி டிரைவே மறைந்துவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். உங்கள் கோபம் நியாயமானது.

இந்த அறிகுறி, சோனி பிஎம்ஜி என்ற இசை நிறுவனம் அக்காலத்தில் சில தட்டுகளில் சேர்த்த, பாடல்களை நகலெடுப்பதைத் தடுக்கும் எக்ஸ்சிபி மென்பொருளை ஒத்திருக்கிறது. விண்டோஸ் வல்லுநர் மார்க் ருசினோவிச் 2005 அக்டோபர் 31 அன்று அம்பலப்படுத்திய அந்த மென்பொருள், டாலர், எஸ், ஒய், எஸ், டாலர் என்று பெயர் தொடங்கும் எந்தக் கோப்பையும் கண்ணுக்குத் தெரியாமல் மறைத்ததோடு, சிடி டிரைவின் இயக்கத்துக்கு இடையில் தன் வடிகட்டி டிரைவரையும் (டிரைவுக்குச் செல்லும் கட்டளைகளை இடைமறிக்கும் நிரலை) செருகி வைத்தது. அந்த எழுத்துகளில் தொடங்கும் வெற்றுக் கோப்பு ஒன்றை உருவாக்கிப் பாருங்கள். அது மறைந்தால் மென்பொருள் இன்னும் இயங்குகிறது என்று பொருள். மறையாவிட்டாலும் நிம்மதியடைய வேண்டாம். கோப்பு போனபின்பும், விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் வடிகட்டிப் பதிவு தங்கிவிடுவதால்தான் டிரைவ் காணாமற்போகிறது.

ரெஜிஸ்ட்ரியை நகலெடுத்து வைத்துக்கொண்டு, அதன் எனம் (Enum) பகுதியில் சிடி டிரைவுக்கும் அது இணைந்துள்ள ஐடிஇ சேனலுக்கும் உரிய அப்பர்ஃபில்டர்ஸ், லோயர்ஃபில்டர்ஸ் பதிவுகளில் அந்த டிரைவரின் பெயரை மட்டும் நீக்கி, கணினியை மறுதொடக்கம் செய்யுங்கள். இந்த மென்பொருளை அகற்ற சோனி முதலில் வெளியிட்ட நீக்கியை மட்டும் தேடிப் போகாதீர்கள். அது, வேடிக்கை என்னவென்றால், இன்னும் பெரிய பாதுகாப்பு ஓட்டையைத் திறந்துவிட்டது. என்னைக் கேட்டால், முக்கியக் கோப்புகளை நகலெடுத்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவுவதே மேல். அதன்பின், தட்டைப் போட்டதும் அதிலுள்ள நிரலைத் தானாக இயக்கும் ஆட்டோரன் வசதியை அணைத்துவிட்டே தட்டைப் போடுங்கள்.