பிராவிடன்ஸ் கேன்யன்: உழவுச்சாலில் தொடங்கிய பள்ளத்தாக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், தென்மேற்கே ஸ்டூவர்ட் கவுண்டியில் (நம்மூர் மாவட்டம் போன்றது) இருக்கும் பிராவிடன்ஸ் கேன்யனுக்கு நவம்பரில் அப்பா அம்மாவை அழைத்துப்போக நினைக்கிறேன். 'குட்டி கிராண்ட் கேன்யன்' என்கிறார்கள். அப்பா அருப்புக்கோட்டைப் பக்கம் கரிசலில் பருத்தி போட்டவர். இயற்கைக் காட்சியைவிட வரலாற்று இடங்களில்தான் அவருக்கு நாட்டம். அம்மாவுக்கு முழங்கால் வலி. அட்லாண்டாவுக்கு வடக்கே ஆல்ஃபரெட்டாவிலிருந்து ஒரே நாளில் போய்வர முடியுமா? பக்கத்தில் வரலாற்று இடங்கள் உண்டா?

ர.

அன்புள்ள ர.,

வரலாற்று இடத்தை வேறெங்கும் தேட வேண்டாம், அந்தப் பள்ளத்தாக்கே அதுதான். கிராண்ட் கேன்யனை ஓர் ஆறு பல லட்சம் ஆண்டுகளாக அறுத்தது. இது பருத்தி விவசாயத்தால் உண்டானது, வயது இருநூறு ஆண்டுகூட இல்லை. உங்கள் அப்பா பார்க்க வேண்டிய இடம்.

அது மஸ்கோகி பழங்குடியினரின் மண். 1820களின் ஒப்பந்தங்களால் அவர்களிடமிருந்து பறித்து, 1827-இல் லாட்டரி குலுக்கி வெள்ளையருக்குப் பங்கிட்டார்கள். 1830-இல் கவுண்டி உருவானது. காட்டை அழித்துப் பருத்தி போட்டார்கள்; அந்த உழைப்பில் பெரும்பங்கு அடிமைகளாக வைக்கப்பட்ட கறுப்பின மக்களுடையது. சரிவுக்குக் குறுக்கே உழுவதிலும், மழைநீரை மறிக்க வரப்பு போடுவதிலும் யாரும் அக்கறை காட்டவில்லை. புது நிலம் மலிவாகக் கிடைக்கும்போது பழைய நிலத்தைக் காப்பாற்றும் எண்ணம் வரவில்லை.

பள்ளத்தின் சுவரைக் கிட்டப்போய்ப் பார்த்தால் நடந்தது புரியும். மேலே சில அடிக்குக் களி கலந்த செம்மண், அதற்குப் பிடிமானம் உண்டு. அதன் கீழே ஆரஞ்சும் இளஞ்சிவப்பும் வெள்ளையுமாக இறங்குவது டைனோசர் காலத்துக் கடலோர மணல். இடையிடையே சீனாக்களிமண் பட்டைகள். மணலை விரலால் சுரண்டினாலே உதிரும். மேல்மண் இருக்கும்வரை மழை அதைத் தொடவில்லை. சாலில் ஓடிய நீர் மேல்மண்ணை அறுத்து மணலை எட்டியதும் நிற்க இடமில்லாமல் போயிற்று. ஓடையின் தலைப்பு பின்னோக்கி மேட்டை நோக்கித் தின்றுகொண்டே போகும். கரை அடியில் குடைபட்டு, மேலே நிற்கும் மரத்தோடு சரியும். 1850 வாக்கில் மூன்று முதல் ஐந்தடி ஆழ ஓடைகளாக இருந்தவை இன்று ஆழமான இடத்தில் 150 அடி. இப்போது அடியில் ஊற்றுநீர் கசியும் அடுக்கை எட்டிவிட்டதால் ஆழம் அவ்வளவாகக் கூடுவதில்லை. சுவர்கள்தான் சரிந்து சரிந்து அகலமாகின்றன.

அதனால்தான் விளிம்பில் வேலி. படம் எடுக்க அதைத் தாண்டாதீர்கள். காலுக்குக் கீழே தரை இருப்பதாகத் தோன்றும் இடத்தில் வெறும் வேர்ப்பின்னலும் ஓரடி மண்ணும் மட்டும் இருக்கலாம்.

அம்மாவுக்கு மேல் விளிம்பு போதும். வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்திலேயே காட்சி முனைகள் உண்டு, உட்கார்ந்து சாப்பிட மேசைகளும் உண்டு. அப்பாவை மட்டும் கீழே அழைத்துப் போங்கள். வெள்ளை அடையாளமிட்ட சுற்றுப்பாதை இரண்டரை மைல்; நின்று பார்த்து நடக்க இரண்டு மணி நேரம் வையுங்கள். இறங்குவது சுலபம், ஏறும்போது மூச்சு வாங்கும். பள்ளங்களுக்கு எண் உண்டு. நேரம் குறைவென்றால் நான்கையும் ஐந்தையும் விடாதீர்கள், நிறங்கள் அங்கேதான் அழகு. அடித்தளத்தில் மழையில்லா நாளிலும் ஈரம் ஓடும். செருப்பு வழுக்கும், வெள்ளை ஷூ வீணாகும், செம்மண் கறை துணியில் ஏறினால் எளிதில் போகாது. பழைய ஷூவும் வண்டியில் மாற்று ஜோடியும் இருக்கட்டும். முந்தின நாள் கனமழை என்றால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். மேல் பாதையில் மரங்களுக்கிடையே துருப்பிடித்த 1950களின் கார்கள் சில கிடக்கும். அங்கே ஒரு குடியிருப்பு இருந்ததன் மிச்சம் அது.

நவம்பரில் ஒரே ஒரு குறை, பிளம்லீஃப் அசேலியா பூத்திருக்காது. ஜார்ஜியா, அலபாமா எல்லையோரத்தில் மட்டும் காட்டில் தானாக வளரும் செந்நிறப் பூ அது, ஜூலை ஆகஸ்டில் பூக்கும். ஆனால் அப்போது வெயிலும் உண்ணியும் தாங்காது. பெரியவர்களோடு போக நவம்பர்தான் சரி.

பூங்காவை ஒட்டி பிராவிடன்ஸ் மெதடிஸ்ட் தேவாலயம் இருக்கிறது. பழைய கட்டடம் நின்ற இடத்தை அரிப்பு நெருங்கியதால் 1859-இல் சாலைக்கு மறுபுறம் கட்டியது. ஏழு மைல் கிழக்கே லம்ப்கின் ஊர்ச் சதுக்கத்தில் 1836-இல் எழுந்த பெடிங்ஃபீல்ட் விடுதி. குதிரை வண்டிப் பயணிகள் தங்கிய சத்திரம், இப்போது அருங்காட்சியகம். எல்லா நாளும் திறந்திருக்காது, கிளம்புமுன் ஃபோன் செய்து கேளுங்கள். மேற்கே ஃபுளாரன்ஸ் மெரீனா பூங்கா பக்கம் ரூட் க்ரீக்கில் எட்டு மண்மேடுகள் உண்டு. ஐரோப்பியர் வருமுன்னரே பழங்குடியினர் எழுப்பியவை. வழிகாட்டியோடுதான் பார்க்க முடியும், முன்பே ஏற்பாடு செய்யாமல் போனால் ஏமாற்றம்தான். ஒருநாள் பயணத்தில் இதை விட்டுவிடலாம்.

போக மட்டும் மூன்று மணி நேரம் வையுங்கள். ஐ-85, பிறகு ஐ-185 நெடுஞ்சாலை வழியாகக் கொலம்பஸ் நகரம், அங்கிருந்து தெற்கே லம்ப்கின், பின் 39சி சாலையில் மேற்கே. காலை ஆறரைக்குக் கிளம்பினால் நிதானமாகப் பார்க்கலாம். வாகன நிறுத்தக் கட்டணம் உண்டு. பெட்ரோலைக் கொலம்பஸிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். அதைத் தாண்டினால் சைவச் சாப்பாடு கிடைப்பது கடினம், அதனால் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு போங்கள். சிக்னல் விட்டுவிட்டு வரும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள். இன்னொன்று: மேற்கே ஓடும் சட்டஹூச்சி ஆற்றுக்கு அக்கரை அலபாமா, அங்கே நேரம் ஒரு மணி பின்தங்கியது. ஃபோன் அக்கரைக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டால் மணியைத் தப்பாகக் காட்டும். பூங்கா மூடும் நேரத்தைக் கைக்கடிகாரத்தில் பாருங்கள்.